உப்பளத் தெருவுக்கு ஓராண்டு நீட்டிப்பு

உப்பளத் தெருக்காரர்களின் உடல்நல மதிப்பெண் நகரத்தாருடையதை எட்டிவிட்டால், அங்கே மருத்துவ வண்டி அனுப்பும் தொண்டு நிறுவனத்துக்கு வரும் நிதி அன்றே தானாக நின்றுவிடும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி தெருமுனைப் பலகையில் நாள்தோறும் ஒளிர்ந்தது. பன்னிரண்டு புள்ளியாக இருந்ததை ஆறு வருடங்களில் ஒரு புள்ளிக்குக் கொண்டுவந்திருந்தாள் அந்த வண்டியில் வரும் செவிலி பிலோமினா.

அந்த வாரம், தெருவில் உப்பு வாரிப் பிழைக்கும் பேச்சித்தாயின் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறியிருந்தது. தேடிப் பார்த்தால், அரிசிப் பானைக்குள் இரண்டு மாத மாத்திரைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன.

"ஏன் பெரியம்மா சாப்பிடல?"

"எல்லாரும் சொகமாயிட்டா உன் வண்டி வராதாமே தாயி. எதிர்வீட்டு ரோசிக்கு இது எட்டாம் மாசம். பெரியாஸ்பத்திரி எங்க கெடக்கு? அவளுக்குப் பிள்ளை பொறக்கட்டும், நான் முழுங்குதேன்."

பிலோமினா கெஞ்சினாள், கோபப்பட்டாள். கடைசியில் ஒரு மாத்திரையைத் தன் கையாலேயே விழுங்க வைத்துவிட்டுப் போனாள். நான்காம் நாள், உப்பு வாரிக்கொண்டிருந்த பேச்சித்தாய் பாத்தியிலேயே சரிந்து விழுந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது பிலோமினாவின் போனுக்குச் செய்தி வந்தது. பேச்சித்தாயின் சாவால் இடைவெளி கூடிவிட்டதால் நிதி ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டிருந்தது. வண்டிக்குள் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை பெண்கள் வழக்கம்போல் வரிசையாக வந்து ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டினார்கள். ரோசிதான் முதலில் நின்றாள்.

"எல்லாரும் மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுதீங்கல்லா?" என்று கேட்டாள் பிலோமினா.

ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.