ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்

"ஐயோ சார், ரீலை மேல வச்சுப் பிடிக்காதீங்க! அது கம்புக்குக் கீழ தொங்கணும்."

தூண்டில் கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்பைத் திருப்பிக் கொடுத்தார். லிப்ட் மெக்கானிக்குக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபது மாடிக் கட்டடத்தில் பாதியில் நின்ற லிப்டை அநாயாசமாக ஓட வைக்கிற மனுஷன், ஆறடிக் கம்பைப் பிடிக்கத் தெரியாமல் திருதிருவென்று விழித்தார்.

"ஜென்மத்துல இன்னிக்குத்தாங்க முதல் தடவை தொடறேன்."

"அதனால என்ன? எல்லாரும் தலைகீழாத்தான் ஆரம்பிப்பாங்க. ஏரியா, கடலா?"

"ஏரி. வர்ற ஞாயித்துக்கிழமை. இருக்கறதுலயே பெரிசா குடுங்க. அதோ, அந்தப் பன்னண்டு அடி."

"அதைத் தூக்கிட்டு ஏரிக்குப் போனா மீனே சிரிக்கும் சார். அது கடற்கரைல நின்னு தூரமா வீசறதுக்கு. புதுசா பிடிக்கறவருக்கு ஆறரை அடி போதும். ரீலும் சின்னதா இருக்கட்டும். கை வலிக்காது, தூண்டில் நரம்பும் சிக்காது."

மெக்கானிக் ஆறரை அடியை அரை மனதாக வாங்கிப் பார்த்தார். "இது ரொம்பச் சாதாரணமா இருக்கே. அந்த ஆளு இதைவிட ஒசத்தியா வச்சிருந்தான்னா?"

"எந்த ஆளு?"

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் கேட்க ஒரு காது கிடைத்ததும் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது.

"எனக்கு ஒரே பொண்ணுங்க. ஒன்பது வயசு. நானும் அவங்கம்மாவும் பிரிஞ்சு மூணு வருஷமாச்சு. மாசத்துல ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை என்கூட இருப்பா. காலைல பத்துலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். அவ பெரியம்மா வீட்டு வாசல்ல கூட்டிக்கணும், அங்கேயே கொண்டுபோய் விட்டுடணும். கோர்ட்டு சொன்னது."

கடைக்காரர் ரீலில் நரம்பைச் சுற்ற ஆரம்பித்தார்.

"அவங்கம்மா வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அந்த மகராசன் பிள்ளைக்கு மீன் பிடிக்கக் கத்துக் குடுத்துட்டான். இப்ப வாயைத் தொறந்தா மீன் பேச்சுதான். போன மாசம் பூங்கா, சினிமா, ஐஸ்கிரீம்னு சுத்திக் காட்டினேன். ஒரு மணிக்கே, 'அப்பா, என்னைக் கொண்டுபோய் விட்டுடறியா? அங்கிள் ஏரிக்குப் போவாரு'ன்னு கேக்கறா."

அன்றைக்கு அவளை விட்டுவிட்டு வந்து, மதியம் அவள் படுத்துக்கொள்ளவென்று வாங்கி வைத்திருந்த புதுத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். முப்பது நாள் காத்திருந்தால் மூன்றே மணி நேரம். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், பேசக்கூட வேண்டாம் என்று தவித்தது மனசு.

"அந்த அங்கிளை நீங்க பாத்ததில்லையா?" என்றார் கடைக்காரர், தலை நிமிராமல்.

"பாக்கவும் வேண்டாம். எங்க இருக்கான், என்ன பண்றான்னு ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்லை. கேட்டா வயிறு எரியும். என் கையில மட்டும் அவன் கிடைச்சான்..." மெக்கானிக் கம்பை விசிறிய வேகத்தில் அலமாரியிலிருந்து நாலு டப்பா உருண்டது. கடைக்காரர் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க. உங்களை ஏன் மிரட்டறேன்? பாப்பாவுக்கும் ஒண்ணு எடுத்து வைங்க."

"அதான் ஏற்கெனவே பிடிக்கறாளே. கம்பு இருக்குமே?"

"இருக்கு. அது அவன் வாங்கிக் குடுத்தது. என்கூட இருக்கற ஏழு மணி நேரமாவது நான் வாங்கினதுல பிடிக்கட்டும்."

கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஐந்தடிக் கம்பு ஒன்றையும் அதற்கேற்ற குட்டி ரீலையும் எடுத்துவந்தார். தூசியைத் தன் சட்டையாலேயே துடைத்தார்.

"ஒண்ணு சொன்னா கேப்பீங்களா சார்? எல்லாம் தெரிஞ்ச மாதிரி அங்க போய் நிக்காதீங்க. ரீலை இப்ப பிடிச்சீங்களே, அதே மாதிரி தலைகீழாவே பிடிங்க. அவ சிரிக்கட்டும். 'இப்படி இல்லப்பா'ன்னு அவளே கத்துக் குடுக்கட்டும். அப்புறம் உங்களை விட்டுப் போகவே மாட்டா."

மெக்கானிக்கின் கண் கலங்கிவிட்டது. "நல்ல மனுஷங்க நீங்க. இந்தக் காலத்துல யாரு இவ்வளவு சொல்லுவா?"

கடைக்காரர் இரண்டு கம்புகளையும் சேர்த்துக் கட்டினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, குட்டி ரீலின் இடது பக்கம் இருந்த கைப்பிடியைக் கழற்றி வலது பக்கம் மாட்டித் திருகினார்.

"ஏங்க, என்னோடதுல இடது பக்கம்தானே இருக்கு?"

"நீங்க வலது கையில கம்பைப் பிடிச்சு, இடது கையால சுத்துவீங்க. அவ எல்லாத்துக்கும் இடது கைதானே? இப்படி இருந்தாத்தான் அவளுக்குச் சுத்த வரும்."

கம்புகளை வாங்க நீண்ட மெக்கானிக்கின் கை அப்படியே நின்றது.

"அவ இடது கைன்னு நான் சொல்லவே இல்லையே!"

கடைக்காரர் கம்புகளை அவர் கையில் வைத்து, தன் கையையும் அவற்றின்மேல் வைத்துக்கொண்டார்.

"அஞ்சு மணிக்கெல்லாம் அவசரமா எழுந்து வராதீங்க சார், மீன் கடிக்கறதே அதுக்கப்புறம்தான். வீட்ல நான் சொல்லிக்கறேன்."