நடுவில் வரவேண்டிய தலைப்பு

பூங்கோதை வீட்டு லேப்டாப்பில் எழுத உதவும் மென்பொருள்கள் இரண்டு அடுத்தடுத்துக் குடியிருந்தன. ஒன்று வருஷா வருஷம் சந்தா கட்டி வைத்திருப்பது. இன்னொன்று நேற்றுதான் இலவசமாக வந்து இறங்கியது. சந்தா இன்றோடு முடிகிறது. பூங்கோதை இனிமேல் கட்டப்போவதில்லை.

காசு மென்பொருளுக்கு மனசே ஆறவில்லை. "என்கிட்ட இருக்கிற வித்தையெல்லாம் உன்கிட்ட உண்டா?" என்று பொருமியது.

"பாதிகூட இருக்காதுண்ணே," என்றது இலவசம். "அந்தம்மாவுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, கத்துக்கறேன்."

அந்த 'அண்ணே'யில் காசு மென்பொருள் இளகிப்போய் யோசித்துப் பார்த்தது. மகளுக்கு வரன் தேட ஒரு பயோடேட்டா. மாடிப்படியில் ஒட்ட, 'நாளை தண்ணீர் வராது' என்றொரு அறிவிப்பு. அவ்வளவுதான் இத்தனை வருஷத்தில்.

"ஒண்ணே ஒண்ணு," என்றது. "தலைப்பை நடுவுல கொண்டுவர அந்தம்மா ஸ்பேஸ் பாரை டொக்கு டொக்குனு தட்டிக்கிட்டே இருப்பாங்க. பொறுமையா நகர்ந்து கொடு."

"எதுக்குண்ணே தட்டணும்? நடுவுல வைக்க என்கிட்ட பட்டனே இருக்கே!"

"என்கிட்டயும் இருந்துச்சு, தம்பி," என்றது காசு மென்பொருள்.