முகப்பு மட்டும் பாக்கி

கடைக்குள் நுழைந்ததும் இளமதியின் கண்ணில் பட்டது கம்ப்யூட்டர் திரையில் இருந்த கனிமொழியின் பெயர்தான். முனைவர் பட்ட ஆய்வேட்டின் முகப்பில், நட்ட நடுவில், கொட்டை எழுத்தில். பார்த்த மாத்திரத்தில் வயிறு எரிந்தது.

"வாங்கக்கா, முதுநகர்லேருந்து பஸ்ஸா?" என்றாள் டைப்பிங் சென்டர் ஜான்சி. "உங்க வேல முடிஞ்ச மாதிரிதான். முகப்பு மட்டும் பாக்கி. மொத்தமா பிரிண்டு போடலாம்னா டோனர் தீந்துபோச்சு, மேல வீதி வரைக்கும் போயி வாங்கியாந்துடறேன். செத்த உக்காருங்க."

"அஞ்சு மணிக்குள்ள ஆய்வேட்ட யுனிவர்சிட்டி ஆபீஸ்ல குடுக்கணும் ஜான்சி. இன்னைக்கு உட்டா ரெஜிஸ்ட்ரேஷனே போயிடும்."

"குடுத்துடலாங்க்கா" என்று ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். கடையில் இளமதியும் அந்த ஆய்வேடும் மட்டும் மிச்சம்.

இளமதிக்கும் கனிமொழிக்கும் ஒரே நெறியாளர். எல்லோருக்கும் ஒரே அத்தியாயத் தலைப்புகளைத்தான் கொடுப்பார், மெச்சுவது மட்டும் கனிமொழியை. "கனிமொழியோடத பாருங்க, தலைப்பு, உள்தலைப்பு எல்லாம் அதது எடத்துல உக்காந்திருக்கு. உங்களோடது சந்தக்கட மாதிரி கெடக்கு!" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார்.

திரையின் இடப்பக்கம் தலைப்புகள் வரிசையாக நின்றன. அறிமுகம், ஆய்வு முன்னோடிகள், ஆய்வு நெறிமுறை... பெரிய தலைப்பு ஓரத்தில், சின்னது கொஞ்சம் உள்ளே தள்ளி. அடடா, என்ன ஒழுங்கு! மகராசியும் இன்றைக்குத்தான் கொடுக்கப் போகிறாள் போலிருக்கிறது. கொடுத்துவிடுவாளா? பார்க்கலாம்.

வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். மொத்தத்தையும் தேர்வு செய்து, எல்லா எழுத்தையும் ஒரே மாதிரியாக்கிவிடும் 'நார்மல்' என்பதைத் தட்டினாள். இடப்பக்கம் துடைத்துவிட்டாற்போல் காலியானது. தலைப்பு எது, பத்தி எது என்று இனிப் பெற்ற தாய்க்கே தெரியாது. சேமித்து மூடிவிட்டு, ஃபேனுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். மனசு குளுகுளுவென்று இருந்தது.

திரும்பி வந்து ஃபைலைத் திறந்த ஜான்சி அலறிவிட்டாள். "ஐயையோ, ஒரு தலைப்பக்கூடக் காணமே! பொருளடக்கம் எப்புடி வரும்? எல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக் கெடக்கே!"

"வேற காப்பி இல்லியா?" இளமதி முகத்தில் அக்கறையைப் பூசிக்கொண்டாள்.

"ஏதுக்கா? இப்பதான முடிச்சேன். ஒன்னொன்னா திரும்ப வச்சா ரெண்டு நாளு ஆவும்."

"அச்சச்சோ! பாவம் கனிமொழி."

"கனிமொழிக்காவா?" ஜான்சி திரும்பிப் பார்த்தாள். "அவுங்க நேத்தே குடுத்துட்டாங்களே. 'இளமதிக்கு நாளைக்குக் கடைசி நாளு, என் ஃபைல்லயே அவளோடத ஏத்திடு, தலைப்பெல்லாம் தானா எடத்துல உக்காந்துரும்'னு சொல்லிட்டுப் போனதே அவுங்கதான்."

இளமதி ஃபேனுக்குக் கீழேயிருந்து எழுந்து திரைக்கருகே வந்தாள். "அப்ப... இது?"

"உங்களோடதுக்கா. முகப்புலதான் இன்னும் பேர மாத்தல."