சரளைக்குக் கீழே

மண் பரிசோதிக்க வந்த அதிகாரி பிலோவா, தயாராக இருந்த குழியைப் பார்த்ததும் அசந்துபோனாள். மற்ற ஊர்களில் கெஞ்சினாலும் இடுப்பளவுக்கு மேல் தோண்டமாட்டார்கள். நிலத்துக்காரர் அமுகு வாயைத் திறப்பதற்குள் உள்ளே குதித்துவிட்டாள்.

மேலே ஒரு முழம்தான் சரளை. அதற்குக் கீழே செக்கச்செவேலென்று ஆழமான மண்.

“கோகோவுக்கு இதைவிட நல்ல மண் கிடையாதுய்யா!”

“நான் ஒரு முழம் தோண்டிப் பாத்துட்டு, ‘வெறும் சரளைடா, எதுவும் வராது’ன்னு மகன்கிட்ட சொல்லிட்டேனே தாயி. அதான் தங்கம் தோண்டக் கிழக்கே போயிட்டான்.”

“மண்ணைப் பாக்கச் சொல்லி மனு போட்டாரே, அந்த சாம்போவா உங்க மகன்? நாங்க வரத்தான் ஒரு வருஷமாயிடுச்சு. உடனே வரச் சொல்லுங்க!”

அமுகு கையை நீட்டினார்.

“ஏறி வா தாயி. அவன் தங்கம் தோண்டின எடத்துல மண்ணு சரிஞ்சிடுச்சு. அவனைக் கொண்டுவந்துட்டிருக்காங்க. இது அவனுக்கு வெட்டின குழி.”