அலுங்காத வண்டி

இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனபிறகு பரிமளத்தால் காலைத் தூக்கி வைத்துக் காரில் ஏற முடியவில்லை. ஏற்றிவிட்டாலும் ஒவ்வொரு வேகத்தடையிலும் அலறினாள். "இனிமே ஆஸ்பத்திரிக்கே வரலைங்க" என்று அவள் சொன்ன அன்றுதான் கணவர் ஞானசேகர் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டார்.

"வண்டி உயரத்தை ரொம்ப இறக்கினா ரோட்டுல அடி தட்டும் சார். ஸ்பிரிங்கை மாத்திக் கொஞ்சமா இறக்கித் தரேன். அதுக்கேத்த ஷாக் அப்சார்பர் போட்டா உள்ள இருக்கறவங்களுக்கு அலுங்காது" என்றான் அவன்.

சொன்னபடியே செய்திருந்தான். இன்று மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது பரிமளம் தானாகவே பின்னிருக்கையில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "மெத்தையில வர்ற மாதிரி இருக்குங்க" என்றாள். முதல் வேகத்தடையில் அவள் முனகவில்லை. அடுத்ததிலும் சத்தமில்லை. ஞானசேகர் சந்தோஷமாகக் கண்ணாடியில் பார்த்தார். அவள் தலை ஜன்னல் பக்கம் சரிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"பரிமளம், தூங்கிட்டியா?"

பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். வண்டியை நிறுத்தி, இறங்கிப்போய் அவளைத் தொட்டுப் பார்த்துவிடலாம். அதற்குத்தான் அவருக்குத் துணிவு வரவில்லை. எதிரே, குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம் தெரிந்தது. எப்போதும் அதை ஒதுக்கி ஓட்டுகிறவர், இப்போது நேராக அதில் இறக்கினார். அவள் ஒருமுறை கத்தினால் போதும். கார் மெல்ல அமிழ்ந்து, மெல்ல எழுந்தது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதைவிடப் பெரிய பள்ளம் ஒன்றைத் தேடியபடி அவர் ஓட்டிக்கொண்டே போனார்.