நாலாவது சத்தம்

முதலில் மழை.

நர்ஸ் பெர்சிஸ் மடிக்கணினியில் ஒரு பொத்தானைத் தட்டியதும், விஸ்வநத்தம் கிராமத்தின் அந்தச் சின்னக் காது பரிசோதனை அறைக்குள் மழை பெய்யத் தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே கண் கூசும் வெயில்.

எதிரே நாற்காலியில் சண்முகத்தாய். இருபது வருடமாகப் பட்டாசு ஆலையில் சரவெடி பின்னியவள். ஆவணியில் பக்கத்து ஷெட் வெடித்ததிலிருந்து அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. காது கேட்கிறது என்று நர்ஸ் எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமையே வரலாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். "ஓடு" என்று ஒருவர் கத்தினால் கேட்காத ஆளை வெடிமருந்துக்குப் பக்கத்தில் எப்படி உட்கார வைப்பது?

"என்ன சத்தம்க்கா?"

"மனசு குளுந்து போச்சு தாயி."

"சத்தத்தோட பேரைச் சொல்லுங்க."

"பேரு என்னத்துக்கு? உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுதுல்ல, அதச் சொல்லுதேன். தப்பா இருந்தா அடிச்சிருங்க."

பெர்சிஸ் சிரித்தபடி தாளில் 'சரி' போட்டாள்.

இரண்டாவது, கொசு. காதோரம் வந்து வந்து போனது.

"எரிச்சலா வருது. ஓங்கி ஒரு அடி வைக்கலாம் போல இருக்கு!"

அதுவும் சரி.

மூன்றாவது, ரயில். தூரத்தில் தொடங்கி, அறையைக் குறுக்கே கடந்து, மெல்லத் தேய்ந்தது.

சண்முகத்தாய் பெர்சிஸின் முகத்தையே பார்த்திருந்தாள்.

"யாரோ நம்மள விட்டுட்டுப் போறாக" என்றாள் பிறகு, மெதுவாக.

பெர்சிஸின் பேனா நின்றது. விருதுநகர் ஜங்ஷனில் தம்பி மெர்வினை வண்டியேற்றி விட்டுக் கையசைத்தபடி நின்றதைத்தான் அவளும் அந்த நிமிடம் நினைத்துக் கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே கனவுக்குள் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

நாலாவது, இடி.

அது உருண்டு வந்தபோது பெர்சிஸுக்கு எட்டு வயதாகிவிட்டது.

இடி இடித்தால் பட்டாசு ஆலையில் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எல்லோரும் ஷெட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும். அன்றைக்கு அவ்வளவுதான் வேலை. அப்பா தேவமணி மத்தியானமே நனைந்துகொண்டு வருவார். நனையாமல் சட்டைக்குள் ஒரு காராச்சேவு பொட்டலம் இருக்கும். ஊரெல்லாம் இடிக்குப் பயப்படும். அவள் மட்டும் வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

"ரொம்ப நாளா காத்திருந்த ஆளு வீட்டுக்கு வந்துட்டாக போல" என்றாள் சண்முகத்தாய். "சந்தோசமா இருக்கு தாயி."

பெர்சிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிக் கேட்கிற காது யாருக்கு இருக்கும்! படிவத்தை இழுத்து, கையெழுத்துப் போடுமிடத்தில் பேனாவை வைத்தாள்.

"ஏட்டி, வானத்துல ஒரு பொட்டு மேகத்தக் காணோமே!"

முற்றத்திலிருந்து வந்தது குரல்.

ஜன்னல் வழியே பார்த்தாள். சண்முகத்தாய்க்குத் துணையாக வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்த மூன்று பெண்களும் இப்போது வெயிலில் நின்றார்கள். மூவருமே அவளோடு சரம் பின்னுகிறவர்கள். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டிருந்தார்கள். அண்ணாந்து, நெற்றியில் கை வைத்து, நீல வானத்தில் இடியைத் தேடிக் கொண்டிருந்தார்கள்.

பெர்சிஸ் திரும்பினாள்.

சண்முகத்தாய் நாற்காலியில் அப்படியே இருந்தாள். வந்ததிலிருந்து எடுக்காத அந்தப் பார்வை இப்போதும் பெர்சிஸின் முகத்தின் மேலேயே இருந்தது.

பெர்சிஸ் பேனாவை மூடினாள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சுவர்ப்பக்கமாகத் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றாள். சத்தத்தைக் கடைசி அளவுக்கு ஏற்றினாள்.

மறுபடியும் இடி. மேசை மேலிருந்த தண்ணீர் டம்ளர் அதிர்ந்தது. வெளியே பெண்கள் கூச்சலிட்டார்கள்.

பின்னால் நாற்காலி நகரவில்லை.

வெகு நேரம் கழித்து, கெஞ்சுவது போல ஒரு குரல் வந்தது.

"கொஞ்சம் இங்கன திரும்புங்க தாயி."