கோத்தா திங்கிக்கு ஆறு தோட்டா

மருமகன் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முதலில் விசையைத்தான் தொட்டான்.

சோமசேகரம் அதைக் கண்டுகொண்டார். காணாதவர் போல மேசையைத் துடைத்தார்.

ஜொகூர் பாருவில் அவர் துப்பாக்கிக் கடை வைத்து இருபது வருடமாகிறது. வாங்க வருகிறவர்களிடம் அவர் காரணம் கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் காட்டுப்பன்றி என்றுதான் சொல்வார்கள். வெறும் துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டு, விரல் எங்கே போகிறது என்று பார்ப்பார்.

வேட்டைக்குப் போகிறவன் குழலுக்குள் எட்டிப் பார்ப்பான். அடிக்கட்டையைத் தோளில் வைத்துப் பார்ப்பான். விலையைக் கேட்டு முகம் சுளிப்பான். மனதில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு வருகிறவனுக்கு விலை காதிலேயே விழாது. அவன் விரல் நேரே விசைக்குப் போய்விடும்.

அப்படி வருகிறவர்களுக்கு அவர் ஒரே பதில் வைத்திருந்தார். தோட்டா தீர்ந்துவிட்டது, சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், அடுத்த மாதம் பாருங்கள். அதற்குள் பாதிப் பேருக்குக் கோபம் ஆறிவிடும். மீதிப் பேர் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அதற்கு அவர் என்ன செய்ய முடியும்?

மருமகன் சிவசம்புவிடம் அந்தப் பொய் செல்லாது. கடையின் மூலை முடுக்கெல்லாம் அவனுக்குத் தெரியும். தோட்டாப் பெட்டிகள் அலமாரியின் மேல்தட்டில் அவன் கண்ணெதிரே அடுக்கியிருந்தன. போலீஸ் துரை கையெழுத்துப் போட்ட லைசென்ஸ் மேசைமேல் கிடந்தது.

சொன்ன காரணமும் பொய்யில்லை. கோத்தா திங்கிப் பக்கம் அவன் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் ரப்பர் தோட்டத்தில், போன வாரம் மரத்தில் பால் வெட்டப் போன கூலிக்காரி வெள்ளையம்மாவைப் புலி இழுத்துக்கொண்டு போயிருந்தது.

இல்லை என்று சொன்னால் சிரித்துக்கொண்டே போய்விடுவான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பதை வீட்டில் அன்னபாக்கியம் வாங்கிக்கொள்வாள்.

அவள் அவருக்கு ஒரே மகள். தீபாவளிக்கு வந்தபோது இடது கை வீங்கியிருந்தது. கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்றாள். முன்பெல்லாம் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதுகிறவள், இப்போது நல்ல சுகம் என்று ஒரு வரி எழுதுகிறாள். உறையின் மேல் விலாசம் எப்போதும் அவன் எழுத்தில் இருக்கிறது.

கடைக்கு வருகிறவனை அரை நிமிடத்தில் எடை போடுகிற மனிதர், மாப்பிள்ளையை ஆறு மாதம் விசாரித்து ஏமாந்தார். நல்ல உத்தியோகம், குவார்ட்டர்ஸ் வீடு, குடி கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். குடியாவது இருந்திருந்தால் தெளிகிற நேரம் என்று ஒன்று இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொண்டார்.

குனிந்து கீழ் இழுப்பறையைத் திறந்தார்.

மார்கழி மழையில் கூரை ஒழுகி நனைந்துபோன தோட்டாக்கள் அதில் கிடந்தன. கடலில் கொட்ட வேண்டும் என்று ஒதுக்கி வைத்தது. பார்வைக்குப் புதிது மாதிரியே இருக்கும். விசையை இழுத்தால் டிக் என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

ஆறு எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கட்டினார்.  

அப்புறம்தான் புலி நினைவுக்கு வந்தது.

இவன் அதன் முன்னால் நின்று விசையை இழுப்பான். ஒரு கணம் அவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. மகள் வெள்ளைச் சேலையோடாவது உயிரோடு வீடு வந்து சேர்வாள் என்றுகூட நினைத்துவிட்டார். நினைத்த மறுகணம் தன்மேலேயே அருவருப்பு வந்தது. எந்த மாதிரி ஆட்களை இருபது வருடமாகத் திருப்பி அனுப்பினாரோ, அவர்களோடு இப்போது தானும் சேர்ந்துவிட்டது தெரிந்தது.

தெரிந்தும் அவர் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மேசைமேல் தள்ளி வைத்தார்.

சிவசம்பு அதை எடுத்துக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனான். அங்கே எதையோ நினைத்துக்கொண்டு நின்றான். கோழியை விரட்டக்கூடப் பயப்படுகிறவளுக்கு வந்திருக்கிற ஆசையைப் பாருங்கள் என்று சிரித்தான்.

“இந்தத் துவக்கு எனக்கில்லை மாமா, அன்னத்துக்கு. நான் விடியக்காலமை வேலைக்குப் போனால் அவ தனிய. வீட்டுக்குள்ள, கிட்டத்தில வைச்சுச் சுடுறதுக்கு ஏத்த தோட்டாவாத் தரச் சொல்லி அப்பாவிட்டைக் கேக்கச் சொன்னவ.”

சோமசேகரம் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

இருபது வருடத்தில் புலி வீட்டுக்குள் நுழைந்து ஆளைத் தூக்கியதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை. அன்னத்துக்கும் அது தெரியும். இந்த மேசைக்கு அடியில் விளையாடி வளர்ந்தவள். எந்த மிருகத்துக்கு எந்தத் தோட்டா என்பதை எழுத்துப் படிக்கும் முன்னே படித்தவள்.

கடிதத்தில் எழுத முடியாததை அவன் வாயாலேயே சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

நல்ல தோட்டாவைக் கொடுத்தால் அவள் ஒரு நாள் அவனைச் சுட்டுவிட்டுக் கோர்ட்டில் நிற்பாள். நனைந்ததைக் கொடுத்தால் அந்த டிக் சத்தத்துக்குப் பிறகு அவன் அவளை உயிரோடு விடமாட்டான். மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று அவர் தேடிப் பார்த்தார். கடையில் அப்படி எதுவும் இல்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றான் சிவசம்பு.

அவர் அலமாரியின் மேல்தட்டை ஒரு முறை பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

“இஞ்ச தாங்கோ தம்பி, கட்டுத் தளர்ந்து கிடக்கு.”